ஸ்டூடியோவுக்குள் பகல் வெளிச்சம்: கேள்வி – பதில்

உருவப்படம், நகை, உணவு ஆகியவற்றை ஸ்டூடியோவில் படமெடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கருவியை என்ன விலைக்கு வாங்கலாம் என்பது எனக்குத் தெரிந்த துறை அல்ல. அத்தகைய கேள்விகளுக்குப் பதில் சுருக்கமாகவே இருக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரு வேண்டுகோளை மட்டும் முதலிலேயே வைத்துவிடுகிறேன்: படமெடுக்கத் தொடங்குமுன் அறையிலுள்ள ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

திருப்பூர் வாசகர்: ஐயா, ஆளுயர சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் ஒளியை வெள்ளைத் துணி வழியே மென்மையாக்கும் பெட்டி) வாங்கியும் என் படங்களில் இயற்கை ஒளி வரவில்லை. ஸ்டூடியோவில் எடுத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. என்ன குறை?

ஒளியின் மென்மையை மட்டும் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பகலில் வெட்டவெளியில் நிற்கும் ஒருவர்மீது மூன்று இடங்களிலிருந்து ஒளி விழுகிறது. ஒன்று சூரியன்: நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமே உள்ள, மிகச் சிறிய, மிகத் தொலைவிலுள்ள விளக்கு. இரண்டாவது வானம்: தலைக்குமேல் முழுவதையும் மூடியிருக்கும், நீலம் கலந்த, மிகப் பெரிய விளக்கு. மூன்றாவது தரை: கீழிருந்து, தன் நிறத்தையும் சேர்த்து, ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு. நண்பகல் வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) இருக்கும். அதே நேரத்தில் கட்டடத்தின் நிழலுக்குள் போனால் 10,000 முதல் 20,000 லக்ஸ் வரைதான் இருக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே சுமார் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) வித்தியாசம் என்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான்.

உங்கள் சாஃப்ட்பாக்ஸ் சூரியனும் அல்ல, வானமும் அல்ல. சூரியனாக இருப்பதற்கு அது மிகப் பெரியது. வானமாக இருப்பதற்கு மிகச் சிறியது. விளக்கைப் பொருத்துவதற்கு முன், நீங்கள் உருவாக்க நினைக்கும் இடத்தில் சூரியன் எங்கே, வானத்தின் எந்தப் பகுதி தெரிகிறது, தரை என்ன நிறம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கோ, வெள்ளைத் துணியோ, தெர்மாகோலோ வையுங்கள். ஒரே விளக்கிடம் மூன்று வேலைகளையும் எதிர்பார்க்கும் படம்தான் ஸ்டூடியோப் படமாகத் தெரிகிறது.

கும்பகோணம், விளம்பரப் படமெடுப்பவர்: சுவரில் இலைகளின் நிழல் விழுவதுபோல் அமைக்கிறேன். நிழல் எப்போதும் கலங்கலாகவே வருகிறது. விளக்கின் சக்தியைக் கூட்டியும் பயனில்லை.

சக்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. விளக்கு உங்கள் இலையிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே கேள்வி. சூரியன் அரை டிகிரிக்குச் சற்றே கூடுதலான அகலம் கொண்டது என்பதால், அதன் ஒளியில் விழும் நிழலின் ஓரம், பொருளுக்கும் சுவருக்கும் இடையேயுள்ள தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு அளவுக்குக் கலங்கும். இலை சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஓரத்தின் கலங்கல் சுமார் 9 மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டரில் இருந்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இப்போது உங்கள் விளக்கைப் பாருங்கள். வழக்கமான ஸ்ட்ரோப் (ஸ்டூடியோ ஃபிளாஷ்) விளக்கின் ரிஃப்ளெக்டர் வாய் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது சூரியன் அளவுக்குச் சிறிதாகத் தெரிய 19 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அவ்வளவு நீளமான அறை நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. அதே விளக்கை இலையிலிருந்து 3 மீட்டரில் வைத்து, இலையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் பிடித்தால் ஓரம் 6 சென்டிமீட்டர் கலங்கும். அப்போது அது இலையின் நிழலாகவே தெரியாது, வெறும் கறையாகத்தான் தெரியும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கேமராவின் மேல் பொருத்தும் சிறிய ஃபிளாஷ் விளக்கின் முகம் சுமார் 7 சென்டிமீட்டர் அகலம்தான். அதை ஏழரை மீட்டரில் வைத்தால் சூரியனுக்கு ஈடாகும். அந்த இடமும் இல்லையென்றால், விளக்கைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்துங்கள். போகும் தூரமும் வரும் தூரமும் கூட்டாகக் கணக்கில் வருவதால் நான்கு மீட்டர் அறை எட்டு மீட்டராகிவிடும். ஒளி விழவேண்டிய பரப்பின் அகலத்தில் பாதியாவது அந்தக் கண்ணாடி இருக்க வேண்டும். மூன்றாவது வழி செலவே இல்லாதது: சட்டகத்துக்கு வெளியே இலையைச் சுவரை ஒட்டிக் கொண்டுவாருங்கள். விளக்கு சுவரிலிருந்து 4 மீட்டரிலும் இலை 15 சென்டிமீட்டரிலும் இருந்தால், 18 சென்டிமீட்டர் விளக்கிலும் கலங்கல் 7 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. உயரமான புளிய மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ இலைகளின் கூர்மையான நிழல் விழுவதே இல்லை. கிளைகள் ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால், இலைகளுக்கிடையேயுள்ள சிறு துளைகள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழச்செய்யும். ஐந்தரை சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோவைப் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடி வட்டங்களும் வளையங்களாக மாறியதற்கு இதுவே காரணம். எனவே மரத்தடியை ஸ்டூடியோவில் உருவாக்க நினைப்பவர்கள் ஓரம் கூர்மையான இலை வடிவங்களை வெட்டிவைக்காமல், அட்டையில் ஒழுங்கற்ற சிறு துளைகள் இட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடியுங்கள். வட்டமான முகமுள்ள விளக்காக இருந்தால் வட்டங்கள் தாமாகவே விழும். ஜன்னலோரத் தொட்டிச்செடியின் நிழல் வேறு, மரத்தின் நிழல் வேறு.

சென்னை வாசகர்: வடக்கு ஜன்னல் உள்ள அறைதான் ஸ்டூடியோவுக்குச் சிறந்தது என்று புத்தகங்களில் படித்து, வடக்கு பார்த்த அறையை வாடகைக்கு எடுத்தேன். மே மாதத்தில் நேர் வெயில் உள்ளே வருகிறதே?

அந்த விதி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்துவது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கிலேயே நிற்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடும். ஜூன் 21 அன்று அது வடக்கில் ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் வெயிலை ஜன்னலின் சன்ஷேடு தடுத்துவிடும். உங்களுக்குத் தொல்லை தருவது காலை, மாலை வெயில்தான். மார்ச் 21-க்கும் செப்டம்பர் 23-க்கும் இடையே சூரியன் கிழக்குக்கு வடக்கே உதித்து, மேற்குக்கு வடக்கே மறைகிறது. ஜன்னலின் இரு பக்கங்களிலும் வெளியே ஒன்றரை அடி அகலத்தில் பலகை நிறுத்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஞ்சியதை மெல்லிய வெள்ளை மல் துணி பார்த்துக்கொள்ளும்.

எந்த எல்.இ.டி. விளக்கு வாங்கலாம்?

சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்குத் தரப்படும் மதிப்பெண்) 95-க்கு மேல் இருக்கட்டும். மற்றவற்றை விற்பனையாளரிடம் கேளுங்கள்.

காரைக்குடி, நகை விளம்பரப் படமெடுப்பவர்: செட்டிநாட்டு வீட்டு வளவின் (நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் உள்ள பகுதி) வெளிச்சத்தை ஸ்டூடியோவில் கொண்டுவர முடியுமா? வீட்டை வாடகைக்கு எடுக்க இந்த முறை வாய்ப்பில்லை.

முடியும், இதற்கு இந்தியாவிலேயே மிகச் சிறந்த முன்னுதாரணம் இருக்கிறது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் உள்முற்றத்தை, மழைக்காலத்தைக் கருதி, கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கட்ட வேண்டியதாயிற்று. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முதலில் எதிர்த்தார். மேலேயுள்ள வானத்திலிருந்து மட்டும் ஒளி இறங்கும், கூர்மையான நிழலே இல்லாத முற்றத்தை ஸ்டூடியோ விளக்குகளால் உருவாக்க முடியாது என்பது அவர் வாதம். அது எடுபடாமல் போனபோது, முற்றத்துக்கு மேலே சட்டமிட்டு வெள்ளைத் துணியை வானம்போல் விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பி, அதில் பட்டுத் திரும்பிய ஒளியில் படம்பிடித்தார். நடிகர்மீது நேராக விளக்கடிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய மாற்றம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். மூன்று மீட்டர் சதுரமாவது இருக்கும்படி வெள்ளைக் காடாத் துணியை மேலே கட்டி, விளக்குகளை அதன்மீது அடியுங்கள். ஆனால் மாடலை அந்தத் துணிக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். வளவின் அழகு முற்றத்தின் நடுவில் இல்லை. அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் இருக்கிறது. தூணருகே நிற்பவருக்கு வானம் முன்பக்கத்தில், சாய்வாக, ஓட்டு இறவாணத்துக்குக் கீழே ஒரு பட்டையாக மட்டுமே தெரிகிறது. எஞ்சிய ஒளியெல்லாம் முற்றத்துத் தரையில் பட்டு மேலே வருவது. ஆகவே மாடலின் தலைக்குமேல் கறுப்புத் துணியைக் கூரையாகக் கட்டிவிட்டு, முன்னால் தரையில் ஆத்தங்குடிக் கல்லின் நிறத்தையொத்த பரப்பை விரியுங்கள். காசுமாலையின் அடிப்பக்கமும் ஜிமிக்கியின் உட்பக்கமும் அந்தத் தரையொளியில்தான் மின்னும். தரையில் வெறும் தெர்மாகோலைப் போட்டால் தங்கம் வெளிறிவிடும்.

சேலம், மின்பொறியாளர்: ஒரு மறுப்பு. ஜன்னலும் சாஃப்ட்பாக்ஸும் இயற்பியலில் ஒன்றுதான். அளவும் தூரமும் பிரகாசமும் நிறமும் சமமானால் ஒளியும் சமம். நீங்கள் தேவையில்லாமல் சிக்கலாக்குகிறீர்கள்.

மறுப்பை வரவேற்கிறேன். ஆனால் ஜன்னல் விளக்கு அல்ல, அது ஒரு துவாரம். சாஃப்ட்பாக்ஸின் துணியில் எந்தப் புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசுகிறது. ஜன்னலில் ஒவ்வொரு புள்ளி வழியாகவும், அதற்கு நேரே வெளியில் என்ன இருக்கிறதோ அதுவே உள்ளே வருகிறது. ஜன்னலை ஒட்டி நிற்பவருக்கு உயரத்து வானம் தெரியும். அறையின் உள்ளே போகப் போக அடிவானமும் எதிர்வீட்டுச் சுவரும்தான் தெரியும். அவருக்குக் கிடைக்கும் ஒளியின் அளவும் நிறமும் அதற்கேற்ப மாறும்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு: உங்கள் வீட்டு மேற்கூரை. வானம் மேலே இருப்பதால் ஜன்னல் வழியே வரும் வானத்தின் ஒளி கீழ்நோக்கியே இறங்கும். அது தரையில் விழும், மேற்கூரையில் நேராக விழாது. மேற்கூரைக்குக் கிடைப்பது வெளியிலுள்ள தரையில் பட்டு ஏறும் ஒளியும், அறைத் தரையிலிருந்து திரும்பும் ஒளியும்தான். சாஃப்ட்பாக்ஸை ஜன்னலின் இடத்தில் நிறுத்தினால் தரைக்குப் போகும் அதே அளவு ஒளி மேற்கூரைக்கும் போகும். உட்புறக் காட்சி பொய்யாகத் தெரிவதற்கு இது முதன்மையான காரணம்.

அதே வாசகர்: ஜன்னலில் பால் கண்ணாடி பொருத்தியிருந்தால்?

அப்போது நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பால் கண்ணாடி ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் ஜன்னலே சாஃப்ட்பாக்ஸாகிவிடும். மெல்லிய திரைச்சீலை இருந்தால் இரண்டுக்கும் நடுவில்.

ஈரோடு வாசகர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நெருக்கமான முகப்படத்தில் மேற்கூரையே தெரியாதே? சேலம் நண்பர் சொல்வதுதானே நடைமுறைக்குச் சரி?

மேற்கூரை தெரியாவிட்டாலும் அதில் பட்ட ஒளி முகத்தின்மேல் இறங்கும். உச்சந்தலையும் மூக்குத்தண்டும் தேவைக்குமேல் வெளுக்கும். கண்மணியையும் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான ஜன்னலின் பிம்பத்தில் மேற்பாதி பிரகாசமாகவும், மரமோ மதில்சுவரோ உள்ள கீழ்ப்பாதி இருண்டும் இருக்கும். சாஃப்ட்பாக்ஸின் பிம்பம் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும். ஆயினும், கறுப்பு மேற்கூரையுள்ள ஸ்டூடியோவில் தோள்வரை எடுக்கும் படத்தில் வித்தியாசம் மிகச் சிறிதே என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் வலியுறுத்துவது அறையும் சேர்ந்து தெரியும் படங்களைப் பற்றி.

சேலம் வாசகர்: சாஃப்ட்பாக்ஸில் கிரிட் (ஒளி பக்கங்களில் பரவாமல் தடுக்கும் கட்டம்) மாட்டினால் மேற்கூரைக்குப் போகும் ஒளி நின்றுவிடும் அல்லவா?

குறையும். ஆனால் கிரிட் ஒளியை நேர் முன்னால் ஒடுக்குகிறதே தவிர, கீழ்நோக்கிச் சாய்ப்பதில்லை; தரைக்குப் போகவேண்டிய ஒளியும் அதனுடன் குறைந்துவிடும். அதைவிட நல்லது, போலி ஜன்னலுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி, ஜன்னலைவிடப் பெரிய வெள்ளைத் துணியை, மேல்முனை ஜன்னலை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி கட்டி, அதன் மேற்பகுதியில் கூடுதல் ஒளி விழும்படி விளக்கை வைப்பது. கீழே பச்சையோ சாம்பலோ கலந்த துணியைத் தரையாக விரித்துவிடுங்கள். ஜன்னல் அப்போது துவாரமாகவே வேலை செய்யும். இடமில்லையென்றால் சாஃப்ட்பாக்ஸின் மேல்விளிம்பில் ஒரு கட்டரை (ஒளியைத் தடுக்கும் கறுப்புத் தகட்டை) நீட்டி மேற்கூரைக்குப் போகும் ஒளியை வெட்டுங்கள்.

இதற்கே பாதி நேரம் போய்விட்டது. காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: குடும்பப் படத்தில் விளக்குக்கு அருகே இருப்பவர் வெளுத்தும் அடுத்தவர் இருண்டும் தெரிகிறார். வெயிலில் இப்படி நடப்பதில்லையே?

சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அரை மீட்டர் முன்பின் நகர்வது அதற்குப் பொருட்டல்ல. உங்கள் விளக்கு முதலாமவரிடமிருந்து ஒரு மீட்டரிலும் இரண்டாமவரிடமிருந்து ஒன்றரை மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கு மேல். நான்கு மீட்டருக்கும் நான்கரை மீட்டருக்கும் தள்ளினால் ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

ராமநாதபுரம் வாசகர்: மாலைப் பொன்வெயிலுக்கு ஆரஞ்சு ஜெல் போட்டும் படம் சாதாரணமாக வருகிறது.

கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருக்கும். நீங்கள் சேர்த்த ஆரஞ்சை அது கழித்துவிடுகிறது. அதை 5500 கெல்வினில் (பகல் வெளிச்சத்தின் நிற அளவு) நிலையாக வையுங்கள். அடுத்து, நிழல்களையும் கவனியுங்கள். மாலையில் வெயில் சிவக்கும் அதே நேரத்தில் நிழலுக்குள் நீல வானத்தின் ஒளி விழுகிறது. பொன்னிறத்தைப் பொன்னிறமாகக் காட்டுவது அந்த நீலம்தான். முதன்மை விளக்குக்கு அரை சி.டி.ஓ. (பாதி அடர்த்தியுள்ள ஆரஞ்சு ஜெல்) போதும், நிழலை நிரப்ப மேலிருந்து விழும் நிரப்பொளிக்குக் கால் சி.டி.பி. (கால் அடர்த்தியுள்ள நீல ஜெல்) சேருங்கள். மேலும், சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் நிழல் 9 மீட்டர் நீளும். சிறிய ஸ்டூடியோவில் அது கிடைக்காது. அருகிலுள்ள விளக்கில் நிழல்கள் இணையாக ஓடாமல் விரிந்துபோவதும் காட்டிக்கொடுத்துவிடும். தரையைச் சட்டகத்தில் சேர்க்காதீர்கள். ட்யூப் லைட்டை அணைத்தீர்களா என்றும் பாருங்கள். அதன் பச்சைச் சாயல் சி.டி.ஓ.வோடு சேர்ந்தால் தோல் மஞ்சள்காமாலை கண்டதுபோல் ஆகிவிடும்.

எந்த விளக்கு வாங்கலாம்? ஃபிளாஷா, எல்.இ.டி.யா?

முன்பே வந்த கேள்வி. இரண்டிலும் முடியும். எல்.இ.டி.யில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

மதுரை, உணவகம் நடத்துபவர்: இட்லியின் ஆவி படத்தில் தெரிவதே இல்லை.

காலை நேரத்துச் சமையலறை ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் இட்லிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்னால் இருண்ட சுவர் இருக்க வேண்டும். விளக்கைப் பின்பக்கம் ஓரமாக வைத்துக் கேமராவுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, முன்னால் சிறிய வெள்ளை அட்டையைச் சாய்த்தால் இட்லியின் முகப்பும் இருளாது. துணியை விலக்கியவுடன் எடுத்துவிடுங்கள்.

பிறந்து பத்து நாளான குழந்தையை ஜன்னலொளி போன்ற விளக்கில் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் குழந்தைக்கு நேர்மேலே எந்த விளக்கையும் பூம் ஸ்டாண்டில் தொங்கவிடாதீர்கள். பக்கவாட்டில் நிற்கும் ஸ்டாண்டுக்கும் மணல்மூட்டை கட்டுங்கள். ஹாலஜன் விளக்கருகே துணியைத் திரையாகக் கட்டுவதும் கூடாது, தீப்பிடித்துவிடும்.

தூத்துக்குடி வாசகர்: மேகமூட்டமான நாளின் ஒளி எனக்கு மிகவும் பிடிக்கும். அது எல்லாப் பக்கமும் சமமான ஒளி என்பதால் நான்கு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் வைத்தேன். தட்டையாக இருக்கிறது.

அது சமமான ஒளி அல்ல. முழுக்க மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு பிரகாசமானது. அதனால்தான் மேகமூட்டத்தில் கண்குழி இருண்டு, கன்னத்து எலும்பு அழகாக எழுந்து தெரிகிறது. பக்கங்களிலுள்ள நான்கையும் எடுத்துவிட்டு, மேலே ஒரே பெரிய துணியைக் கட்டி, அதன் நடுப்பகுதியில் ஒளியைக் கூட்டுங்கள். கண்கள் மிகவும் இருண்டால் இடுப்பளவில் ஒரு சாம்பல்நிற அட்டையைப் பிடியுங்கள். வெள்ளை வேண்டாம், மேகமூட்டமான நாளில் நனைந்த தரை அவ்வளவு ஒளியைத் திருப்பாது.

எந்த லைட் நல்லது சார்?

மேலே இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

வேலூர் வாசகர்: என் ஸ்டூடியோ 10-க்கு 12 அடி, எல்லாச் சுவரும் வெள்ளை. இதில் இவ்வளவும் சாத்தியமா?

பெரும்பகுதி சாத்தியம், வெள்ளைச் சுவர்களை அடக்கினால். நீங்கள் எந்த விளக்கைப் போட்டாலும் அந்தச் சுவர்கள் எல்லாப் பக்கமிருந்தும் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை நிரப்பிவிடும். கறுப்புத் துணியை வளையங்களில் கோத்து மூன்று பக்கமும் திரைபோல் இழுக்கும்படி செய்யுங்கள். முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரே விளக்கில் ஒரு படம் எடுங்கள்; பிறகு உங்கள் கற்பனை இடத்தில் எந்தப் பக்கம் சுவரோ தரையோ இருக்கிறதோ அந்தப் பக்கத்துத் திரையை மட்டும் ஓர் அடி, ஓர் அடியாக விலக்கி, நிழல் எவ்வளவு திறக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள். மேற்கூரைக்கும் ஒரு கறுப்புத் துணி வேண்டும்.